திருகோணமலையில் இருந்துகொண்டே புரொடக்ட் டிசைனர் ஆவது எப்படி?

ஆப், வெப்சைட்டுகளை ஆட்கள் எளிதாகப் பாவிக்கும்படி வடிவமைப்பவர்தான் புரொடக்ட் டிசைனர். ஏஎல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, எந்தக் கோர்ஸ் படிக்கலாம் என்பதுதான். ஆனால் வேலைக்கு எடுப்பவர் முதலில் திறப்பது உங்கள் போர்ட்ஃபோலியோவை, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பை. ஆகவே கோர்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் டிசைனுக்கென்றே பட்டப்படிப்பு உண்டு, அதற்கு உளச்சார்புப் பரீட்சையும் எழுதவேண்டும். இங்கேயே என்றால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம், அல்லது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பிஐடி (தகவல் தொழில்நுட்பப் பட்டம்). இவை இரண்டும் கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்தவை, டிசைனை நீங்களாகத்தான் படிக்கவேண்டும். பரவாயில்லை, கோட் தெரிந்த டிசைனரிடம் எந்த டெவலப்பரும் "இது செய்யவே ஏலாது" என்று கதைவிட முடியாது. ஸ்கிரீன் வரையும் டூலான பிக்மாவை பிரௌசரிலேயே இலவசமாகத் திறக்கலாம், சுமாரான லேப்டாப் போதும்.

சரி, போர்ட்ஃபோலியோவில் என்ன வைப்பது? தயவுசெய்து இன்ஸ்டாகிராமின் ஸ்கிரீன்களை மறுபடி வரைந்து அதற்குப் புதுச் சட்டை தைக்காதீர்கள், எல்லாரும் தைத்தாயிற்று. நிலாவெளிக் கடற்கரைக்குப் போய், புறாத்தீவுக்குப் படகு ஏற நிற்பவர்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அனுமதிச் சீட்டுக் காசு வேறு, படகுக் காசு வேறு, உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு இன்னொரு விலை, "அப்ப நாலு பேருக்கு மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டபடியே குடும்பங்கள் நிற்கும். ஆட்களின் எண்ணிக்கையைத் தட்டினால் மொத்தம் எவ்வளவு, தலைக்கு எவ்வளவு என்று காட்டும் ஒரே ஒரு ஸ்கிரீன் வரையுங்கள். அந்த வெயிலில் வெளிர்சாம்பல் எழுத்து யார் கண்ணுக்கும் தெரியாது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) வேண்டும் என்று வெப் அணுகல்தன்மை வழிகாட்டி சொல்வதன் அருமை அங்கே விளங்கும். ஆங்கிலத்தில் 'புக்' என்று நாலெழுத்தில் முடியும் பட்டன், தமிழில் 'முன்பதிவு செய்க' ஆகும்போது உடைந்து இரண்டாம் வரிக்குப் போகும். 'கூ', 'ஷ்' போன்றவற்றின் வளைவும் புள்ளியும் வெட்டுப்படாமல் வரி இடைவெளியையும் கூட்டிப் பாருங்கள். தமிழ் ஸ்கிரீனை முதலில் வரைவது நல்லது.

அப்புறம் அந்த ஸ்கிரீனை ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள், பெரிய சிக்கல்களில் பெரும்பாலானவை அதிலேயே வெளிப்படும் என்று பாவனை எளிமையை ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இலேயே எழுதினார். ஒருவர் படகோட்டியாக இருக்கட்டும். அவர் தடுமாறும்போது வாய் திறந்து உதவாதீர்கள் (இதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி), எங்கே விரல் நின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஸ்கிரீன், அது தோற்ற இடம், மாற்றிய ஸ்கிரீன் என்று மூன்றையும் காட்டி, காரணத்தை எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போர்ட்ஃபோலியோவில் வைக்க ஒரு கேஸ் ஸ்டடி தயார். இப்படி இரண்டு மூன்று இருந்தால் இன்டர்ன் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

போர்ட்ஃபோலியோ லிங்க்கை அனுப்புமுன் வேறொருவர் போனில் லாகின் இல்லாமல் திறந்து பாருங்கள். அனுமதி கேட்கச் சொல்லி வந்தால் வேலைக்கு எடுப்பவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், அடுத்த ஆளின் லிங்க்கைத் திறந்துவிடுவார்.