மீன் டல்லா இருக்கா? மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி தண்ணியப் பாருங்க

மீன் ஒண்ணு மூலையில ஒதுங்கி நிக்குது, சாப்பாடு போட்டா வரல, துடுப்ப ஒடம்போட ஒட்ட வச்சிருக்கு. இதப் பாத்த உடனே நெறைய பேர் பண்றது என்னன்னா, ஒரு நீலக்கலர் மருந்தோ மஞ்சக்கலர் மருந்தோ வாங்கிட்டு வந்து குத்துமதிப்பா ரெண்டு மூடி ஊத்திட்டு, நாளைக்கு சரியாயிடும்னு லைட்ட ஆஃப் பண்ணிட்டு போயிடறது. சரியாகாது. ஏற்கனவே தண்ணி கெட்டுப்போய் மூச்சு விட முடியாம இருக்குற மீனுக்கு மேல ஒரு கெமிக்கல் சேர்ந்ததுதான் மிச்சம்.

நான் மொதல்ல பாக்குறது எத்தன மீனுக்கு வந்திருக்கு, எவ்ளோ வேகமா வந்துச்சுங்குறதத்தான். காலையில நல்லா இருந்த மொத்த டேங்கும் சாயந்திரம் மேல வந்து வாயப் பொளந்துட்டு நிக்குதுன்னா அது நோயா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, தண்ணியில விஷம் ஏறிருக்கு இல்லன்னா ஆக்சிஜன் இல்ல. ஒரு மீன்ல ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்ல ஒவ்வொண்ணா பரவுதுன்னா ஒட்டுண்ணி, பாக்டீரியா பக்கம் யோசிக்கலாம். மாசக்கணக்கா ஒரே ஒரு மீன் மட்டும் சோர்ந்து கெடக்கு, மத்ததெல்லாம் ஜம்முனு இருக்குன்னா அது அடிபட்டது, இன்னொரு மீன் தொரத்திக் கடிச்சது, மலச்சிக்கல், வயசு, உள்ளுறுப்பு பிரச்சனை இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு, அதுக்கு மொத்த டேங்குக்கும் மருந்து ஊத்துறதுல அர்த்தமே இல்ல.

இதோட சேத்து கடைசி பத்து பதினஞ்சு நாள்ல என்ன மாத்துனீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. புது மீன் விட்டீங்களா, ஃபில்டர கழுவுனீங்களா, ஊருக்குப் போயிட்டு வந்தீங்களா, சாப்பாட்ட மாத்துனீங்களா? பாதி விடை இங்கயே கெடச்சிடும்.

தண்ணிய எப்படி செக் பண்றது

டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கி வைங்க, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணியோட அமில, காரத்தன்மைய காட்டுற அளவு) நாலும் பாக்குறதா இருக்கணும், சொட்டு விட்டுப் பாக்குற கிட் தண்ணியில முக்குற பேப்பர் பட்டைய விட நம்பகமா இருக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 இருக்கணும், கொஞ்சமா இருக்கேன்னு விடக்கூடாது, 0 தான். நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழ இருந்தா ஓகே, 20க்கு கீழ இருந்தா இன்னும் நல்லது.

மீனோட கழிவு, மிச்சமான சாப்பாடு எல்லாம் அம்மோனியாவா மாறும், ஃபில்டர்ல வாழுற பாக்டீரியா அத நைட்ரைட்டாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்தும், இந்த பாக்டீரியா நல்லா செட் ஆக 4லேருந்து 6 வாரம் ஆகும். அதனாலதான் புது டேங்க்ல மீன் விட்ட கொஞ்ச நாள்லயே ஒவ்வொண்ணா போகுது. பழைய டேங்க்லயும் ஃபில்டர் ஸ்பாஞ்ச குழாய்த் தண்ணியில பளபளன்னு அலசிட்டா குளோரின் பட்டு அந்த பாக்டீரியா செத்துடும், கதை மறுபடி மொதல்லேருந்து. டேங்க்லேருந்து எடுத்த தண்ணியில ஸ்பாஞ்ச ரெண்டு அமுக்கு அமுக்குனா போதும், அழுக்கு கொஞ்சம் இருக்கட்டும்.

அம்மோனியா ஏறுனா செவுள் செவந்து எரிச்சலாகி மீன் மேல வந்து தத்தளிக்கும். நைட்ரைட் ஏறுனா ரத்தம் ஆக்சிஜன சுமக்க முடியாமப் போயிடும், செவுள் பழுப்பு கலர்ல தெரியும், தண்ணியில காத்து எவ்ளோ இருந்தாலும் மீன் மூச்சு வாங்கும். இதுக்கு ஒரு எளிய கைவைத்தியம் உப்பு, லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு கரைச்சு விட்டா அதுல இருக்குற குளோரைடு நைட்ரைட்ட செவுள் வழியா உள்ள போகவிடாம தடுக்கும், தண்ணி மாத்தி சரி பண்ற வரைக்கும் மீன் தாங்கும்.

தண்ணி மாத்துன அரை மணி நேரத்துல எல்லாம் துள்ளுது, மேல வருதுன்னா குளோரின் மேல சந்தேகப்படுங்க. ஒரு நாள் பக்கெட்ல புடிச்சு வச்சா குளோரின் போயிடும்ங்குறது உண்மைதான், ஆனா சில எடத்துல குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேந்தது) போடுவாங்க, அது அவ்ளோ சீக்கிரம் போகாது, ஆன்டி குளோரின் ஊத்தியே ஆகணும்.

இன்னொரு விஷயம் பலபேருக்குத் தெரியாது, ரொம்ப நாளா தண்ணியே மாத்தாத டேங்க ஒரே நாள்ல முக்காவாசி மாத்தக்கூடாது. அந்த மாதிரி டேங்க்ல பிஎச் நல்லா எறங்கிப் போயிருக்கும், பிஎச் கம்மியா இருக்கும்போது அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமா கெடக்கும், அதுல விஷம் ரொம்ப கம்மி. நீங்க திடீர்னு பிஎச் ஜாஸ்தியான புதுத்தண்ணிய நெறைய ஊத்துனா அது அப்படியே விஷ அம்மோனியாவா மாறிடும், மீனும் அந்த திடீர் மாற்றத்த தாங்காது, சுத்தம் பண்ணேன் செத்துப்போச்சுன்னு பொலம்புறவங்க கதை பெரும்பாலும் இதுதான். இப்படிப்பட்ட டேங்க்ல தெனம் 10 சதவீதம்னு மெதுவா போங்க.

மத்தபடி அவசரம்னா 30லேருந்து 50 சதவீதம், அதே சூட்டுல இருக்குற, குளோரின் எடுத்த தண்ணிய மாத்துங்க, ஏர் பம்ப ஃபுல்லா வைங்க, ஒண்ணு ரெண்டு நாள் சாப்பாட்ட நிறுத்துங்க. வளந்த மீன் ஒண்ணு ரெண்டு நாள் சாப்பிடலன்னா ஒண்ணும் ஆகாது, பாவம்னு போடுற சாப்பாடுதான் தண்ணிய இன்னும் கெடுக்கும்.

தண்ணி சரியா இருக்கு, அப்பவும் மீன் சரியில்ல

இப்போ மீனப் பாருங்க, ரூம் லைட்ட அணைச்சிட்டு டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சுப் பாக்கணும், மேலேருந்தும் ஒரு தடவ பாக்கணும். முடிஞ்சா ஃபோன்ல வீடியோ எடுத்து வைங்க, அடுத்த நாள் கூடியிருக்கா கொறைஞ்சிருக்கான்னு கண்ணால மட்டும் நெனவு வச்சு சொல்ல முடியாது.

நோயே இல்லாததுக்கும் பயப்படாதீங்க. ஆண் கோல்ட்ஃபிஷ்ஷுக்கு இனப்பெருக்க சமயத்துல செவுள் மூடியிலயும் முன் துடுப்புலயும் வரிசையா வெள்ளப்புள்ளி வரும், அது இயல்பு. க்ளவுன் லோச்னு ஒரு மீன் ஒருக்களிச்சு படுத்து தூங்கும், நானே பாத்து பதறுவேன். குட்டி போடப்போற கப்பி மூலையில ஒதுங்கும்.

ஒடம்பு பூரா உப்பு தூவுன மாதிரி தனித்தனி வெள்ளப்புள்ளி, மீன் கல்லுல ஒடம்ப ஒரசுதுன்னா அது வெள்ளப்புள்ளி நோய், இக்னு சொல்லுவாங்க. இதப் புரிஞ்சிக்கிட்டா வைத்தியம் சுலபம். அந்த ஒட்டுண்ணி மீன் தோலுக்கு அடியில இருக்கும்போது எந்த மருந்தும் அத தொடாது, அது வளந்து கீழ விழுந்து கல்லுல ஒட்டிக்கிட்டு நூத்துக்கணக்குல குட்டியா பிரியும், அந்த குட்டிங்க மீனத் தேடி நீந்துற கொஞ்ச நேரத்துலதான் மருந்து கொல்லும். 25 டிகிரில இந்த சுத்து ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சிடும், குளிர்ந்த தண்ணியில வாரக்கணக்கா இழுக்கும். அதனாலதான் சூட்ட ஏத்தச் சொல்றாங்க, சுத்து வேகமா ஓடுனா மருந்துக்கு வேல சீக்கிரம் முடியும். சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரின்னு மெதுவா 29, 30 வரைக்கும் ஏத்துங்க, சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மி, அதனால ஏர்ஸ்டோன் (ஏர் பம்ப்ல மாட்டுற, குமிழி விடுற கல்லு) கண்டிப்பா ஓடணும். கோல்ட்ஃபிஷ் மாதிரி குளுந்த தண்ணி மீனுக்கு இவ்ளோ சூடு வேண்டாம். மாலகைட் க்ரீன் இருக்குற மருந்து வேல செய்யும், தெனமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ அடிக்கல்ல சைஃபன் பண்ணா, அதாவது ட்யூப் வச்சு அழுக்க உறிஞ்சி எடுத்தா, ஒட்டிக்கிட்டு இருக்குறதுல கொஞ்சம் வெளிய போயிடும். மூணாவது நாளே புள்ளி மறஞ்சிடும், அங்கதான் எல்லாரும் நிறுத்திடறாங்க, அடுத்த வாரம் ரெண்டு மடங்கா திரும்ப வரும். கடைசிப் புள்ளி மறஞ்ச பிறகும் சில நாள் தொடரணும், மொத்தமா 10லேருந்து 14 நாள்னு வச்சிக்கோங்க.

புள்ளி ரொம்ப பொடியா, தங்கக்கலர் தூசி மாதிரி டார்ச் வெளிச்சத்துல மட்டும் தெரியுதுன்னா அது வெல்வெட்ங்குற நோய். இது இக்க விட வேகமா கொல்லும். அந்த கிருமிக்கு வெளிச்சம் ஒதவும், அதனால டேங்க துணி போட்டு மூடி லைட்ட அணைச்சு வைங்க, காப்பர் மருந்து கேக்கும். காப்பர் போட்டா இறால், நத்தை எல்லாம் காலி, அதனால அத தனி டேங்க்ல வச்சு மட்டும்.

அடுத்து வாய்ல வெள்ளையா படிஞ்சிருக்குறது. பாத்த உடனே ஃபங்கஸ்னு சொல்லிடுவாங்க, நெஜ ஃபங்கஸ் அடிபட்ட எடத்துலயோ முட்டையிலயோதான் பெரும்பாலும் வரும், இழை இழையா வெளிய நீட்டிட்டு நிக்கும், மெதுவா வளரும், மெத்திலீன் ப்ளூ கேக்கும். ஆனா வாயச் சுத்தி சாம்பல் வெள்ளையா ஒட்டுன மாதிரி, இல்லன்னா முதுகு நடுவுல சேணம் போட்ட மாதிரி வெளிறுன பட்டை, ரெண்டே நாள்ல மீன் சாகுது, அடுத்த மீனுக்கும் வருதுன்னா அது காலம்னாரிஸ், பாக்டீரியா. சூடு ஏற ஏற இது வேகமாகும். இக்குன்னு தப்பா நெனச்சு 30 டிகிரிக்கு ஏத்துனா நீங்களே அதுக்கு விருந்து வச்ச கணக்கு. இதுக்கு சூட்ட கொறைக்கணும், 24 கிட்ட வைங்க, மீனுக்குன்னு விக்கிற ஆன்டிபயாட்டிக் தேவைப்படும், மீன் பாக்குற வெட்னரி டாக்டர் கெடச்சா கேட்டுட்டு போடுங்க. வீட்டுல மிச்சமான மனுஷ மாத்திரைய ஒடச்சுப் போடுற வேல வேண்டாம், அளவும் தெரியாது, ஃபில்டர் பாக்டீரியாவும் செத்துடும்.

துடுப்பு ஓரம் கிழிஞ்சு வெள்ளையாவோ செவப்பாவோ கரைஞ்சிட்டே வந்தா ஃபின் ராட். ஆரம்பத்துல நல்ல தண்ணிலயே ஆறிடும், துடுப்பு திரும்ப வளரும், அடிப்பகுதி வரைக்கும் போயிட்டாதான் மருந்து. ஆனா நேர்க்கோடா பிச்ச மாதிரி இருந்தா இன்னொரு மீன் கடிக்குது, அத தனியா பிரிக்கிறதுதான் வைத்தியம்.

புள்ளி ஒண்ணுமே இல்ல, ஒரசுது, ஒரு பக்க செவுள மட்டும் அசைச்சு மூச்சு விடுதுன்னா செவுள் புழு, ப்ராசிகுவான்டெல்ங்குற புழு மருந்து போடணும். கப்பி, மோலி ஆசனவாய்ல செவப்பு நூல் தொங்குனா அது கமலானஸ் புழு, லெவாமிசோல் கேக்கும், மொத்த டேங்குக்கும் போட்டு ரெண்டு மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவ போடணும்.

உருண்ட கோல்ட்ஃபிஷ்ஷோ ஃபைட்டரோ தலைகீழா மெதக்குதுன்னா மொதல்ல ரெண்டு மூணு நாள் பட்டினி போடுங்க, அப்புறம் வேகவச்சு தோல் உரிச்ச பட்டாணிய பொடியா குடுங்க, மலச்சிக்கலா இருந்தா சரியாயிடும். கோல்ட்ஃபிஷ்ஷுக்கு மெதக்குற சாப்பாட்ட விட முங்குற சாப்பாடு நல்லது, மேல வந்து காத்தையும் சேத்து முழுங்காது.

கண்ணு ஒண்ணு மட்டும் வீங்கிருந்தா அடிபட்டிருக்கும், ரெண்டும் வீங்குனா தண்ணி கெட்டிருக்கு, இல்லன்னா உள் தொற்று. வயிறு வீங்கி செதில் எல்லாம் வெளிய தூக்கிட்டு நிக்குதுன்னா டிராப்சி, கிட்னி வேல செய்யாததால ஒடம்புல தண்ணி சேந்துடுச்சு, இது தனி நோய் இல்ல, ஒரு அறிகுறி. பொழைக்கிறது கஷ்டம், பொய் நம்பிக்க குடுக்க விரும்பல.

மருந்து போடுறதுன்னு முடிவாயிடுச்சா

தனியா ஒரு சின்ன டேங்க், பிளாஸ்டிக் டப்பான்னாலும் பரவால்ல, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், அடியில கல்லு வேண்டாம். இக், வெல்வெட் மாதிரி தண்ணி பூரா பரவுறதுக்கு மட்டும் மெயின் டேங்கையும் யோசிக்கணும், இல்லன்னா எல்லா மீனையும் வெளிய எடுத்துட்டு சூடான தண்ணியோட டேங்க காலியா ரெண்டு வாரம் விட்டா இக் தானா செத்துடும், அதுக்கு மீன் இல்லாம வாழ முடியாது.

அளவு கணக்கு போடுங்க, நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா லிட்டர், 60க்கு 30க்கு 30 டேங்க்னா 54 லிட்டர், உயரத்துக்கு தண்ணி நிக்கிற மட்டத்த எடுங்க, கல்லு மண்ணுக்கு ஒரு 10 சதவீதம் கழிச்சிடுங்க. ஃபில்டர்ல கார்பன் (கறுப்புக் கரித்துண்டு) இருந்தா எடுத்துடுங்க, இல்லன்னா போட்ட மருந்த அது உறிஞ்சிடும். ஒரு நேரத்துல ஒரே மருந்து. லோச், கேட்ஃபிஷ், டெட்ரா மாதிரி மீனுக்கு மாலகைட் க்ரீன் பாதி அளவுலேருந்து ஆரம்பிங்க. மெத்திலீன் ப்ளூ நல்ல ஃபில்டர் பாக்டீரியாவையும் பாதிக்கும், டேங்க் கண்ணாடிய ஒட்டியிருக்குற சிலிக்கான் பசைய நீலமாவும் ஆக்கிடும், அது தனி டேங்குக்கு மட்டும்.

உப்பு போட்டா அது ஆவியாகிப் போகாது, தண்ணி மாத்துனா மாத்துன அளவுக்குத்தான் கொறையும், குறைஞ்ச தண்ணிய ஈடுகட்ட ஊத்தும்போதெல்லாம் உப்பும் சேத்துப் போட்டா ஏறிட்டே போகும். உயிர்ச்செடி இருக்குற டேங்க்லயும் கோரி மீன் (கோரிடோரஸ், அடியில மேயுற சின்ன கேட்ஃபிஷ்) இருக்குற டேங்க்லயும் உப்ப கையில எடுக்காதீங்க.

உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை, மைக்கோபாக்டீரியம்னு ஒரு கிருமி மீனுக்கு டிபி மாதிரி வர வைக்கும், மீன் இளைச்சு முதுகு வளைஞ்சு சாகும், கையில வெட்டுக்காயம் இருந்தா அது மனுஷத் தோலுக்கும் வந்து மாசக்கணக்கா ஆறாத புண்ணாகும். கிளவுஸ் போட்டுக்கோங்க, சைஃபன் ட்யூப வாயால உறிஞ்சாதீங்க. அப்படி புண்ணு வந்தா டாக்டர்கிட்ட மீன் தொட்டி வச்சிருக்கேன்னு சொல்லுங்க.

வழியே இல்ல, மீன் வலியில கெடக்குன்னா டாய்லெட்ல ஊத்தி ஃப்ளஷ் பண்ணாதீங்க, ஃப்ரீசர்ல வைக்காதீங்க. கிராம்பு எண்ணெய வெதுவெதுன்னு இருக்குற தண்ணியில ஒரு பாட்டில்ல போட்டு நல்லா குலுக்கி, மீன் இருக்குற சின்ன பாத்திரத்துல மெதுவா ஊத்துங்க, லிட்டருக்கு அரை மில்லி அளவு, மொதல்ல தூங்கிடும், செவுள் அசைவு நின்னதுக்கு அப்புறமும் அரை மணி நேரம் அப்படியே விடணும்.

அதுக்கப்புறம் காலியான எடத்துக்கு உடனே புது மீன் வேண்டாம். வாங்குறத மொதல்ல அந்த தனி டேங்க்ல 2லேருந்து 4 வாரம் வச்சுப் பாருங்க, அதுக்குன்னு தனி வலை வச்சிக்கோங்க, ஒரே வலைய ரெண்டு டேங்க்லயும் போட்டா தனியா வச்சதே வீண்.