டிராகன் குவெஸ்ட் 11 எஸ்: தொடங்கும் முன்னாடியே ஒரு முடிவு எடுக்கணும்

போன இடவப்பாதி மழையில் தக்கலையில் இருக்கும் சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணே, டிராகன் குவெஸ்ட் 11 எஸ் டெமோ ஒரு வாரமா ஆடுறேன், தூக்கம்தான் வருது, காசு போட்டு வாங்கலாமா வேண்டாமா?" என்று கேட்டான். அவனுக்கு அன்றைக்கு ஒரு மணி நேரம் சொன்னதை இங்கே எழுதிப் போடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

தெரியாதவர்களுக்கு: இது ஊர் ஊராகக் கதையோடு போய், மிருகங்களோடு முறை வைத்துச் சண்டை போடும் ஜப்பானிய வீடியோ கேம். முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தூக்கம் வரும்தான். இந்த விளையாட்டு வடசேரி ஸ்டாண்டில் நிற்கும் டவுன் பஸ் மாதிரி, ஆள் ஏறி முடிந்தால்தான் நகரும். நாயகன் ஊரை விட்டுக் கிளம்பி, சிறையில் எரிக் என்ற கூட்டாளியைச் சந்தித்து, ஹாட்டோ என்ற ஊரில் வெரோனிகாவும் வைத்தியம் பார்க்கும் செரீனாவும் சேர்ந்து, பாலைவன ஊரில் ஒரு குதிரைப் பந்தயமும் முடிந்து, ஆக்டகோனியா என்ற குத்துச்சண்டை ஊருக்குப் போன பிறகுதான் சண்டையில் யோசிக்க வேண்டிய வேலையே வரும். அதுவரை அடி, அடி, அடி, கொஞ்சம் மருந்து, மறுபடி அடி.

இதற்கு மருந்து விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அதைப் போட ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. புது ஆட்டம் தொடங்கும்போது 'டிரகோனியன் குவெஸ்ட்' என்று ஒரு பட்டியல் வரும். எல்லாரும் 'என்னமோ இருக்கு' என்று தாண்டிப் போய்விடுவார்கள், நானும் முதல் தடவை அப்படித்தான் தாண்டினேன். ஆட்டத்தைக் கடினமாக்கும் விதிகள் அவை. அதில் மிருகங்களுக்குப் பலம் ஏற்றும் 'ஸ்ட்ராங்கர் மான்ஸ்டர்ஸ்' என்பதை மட்டுமாவது போட்டுவிடுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் நடுவில் சர்ச்சிலோ சாமி சிலையிலோ போய் எடுத்துவிடலாம், ஆனால் எடுத்த பிறகு மறுபடி போடவே முடியாது. தொடக்கத்தில் போடாமல் விட்டாலும் அதே கதைதான். தம்பி டெமோவை அது இல்லாமல் தொடங்கியிருந்தான், 'அந்த ஒரு வாரம் போனது போனதுதான், முதலில் இருந்து ஆடு' என்று சொல்லிவிட்டேன். டெமோ ஏறக்குறைய 10 மணி நேரம் வரும், அதன் சேவ் முழு ஆட்டத்திலும் வேலை செய்யும், அதனால் டெமோவிலேயே சரியாகத் தொடங்குவது நல்லது.

அந்தப் பட்டியலில் மற்றவை? கடையில் வாங்கக் கூடாது, கவசம் போடக் கூடாது என்பவை இரண்டாம் தடவை ஆடுபவர்களுக்கு. ஊர்க்காரர்கள் பொய் சொல்லும் விதி ஒன்று இருக்கிறது, சிரிப்பாக இருக்கும், ஆனால் முதல் தடவை குழப்பும். 'ஷைபாக்ஸ்' போட்டால் சண்டை நடுவில் நாயகனுக்குத் திடீரென்று பழைய வெட்கக்கேடு ஒன்று ஞாபகம் வந்து அப்படியே நின்றுவிடுவான். அது உங்கள் இஷ்டம்.

மிருகங்களுக்குப் பலம் ஏறியதும் சண்டையின் முகமே மாறிவிடும், அதுவரை ஒப்புக்கு இருந்த மந்திரங்கள் எல்லாம் தேவைப்படும். சாதாரணச் சண்டையில் கூட்டாளிகளை அவரவர் புத்திக்கு விடலாம், சண்டை வேகத்தையும் கூட்டி வைக்கலாம். பாஸ் என்கிற பெரிய எதிரி வந்ததும் தந்திர மெனுவுக்குப் போய் எல்லாரையும் நாம் சொன்னபடி செய்யும் 'ஃபாலோ ஆர்டர்ஸ்' ஆக்குங்கள். செரீனா தன் இஷ்டத்துக்கு வைத்தியம் பார்த்தால் எப்போதும் ஒரு டர்ன் பிந்தித்தான் பார்ப்பாள். இன்னொன்று, சண்டை நடுவிலேயே ஆள் மாற்றலாம், முன்னால் நிற்கும் நாலு பேரும் விழுந்தால்கூட பின்னால் இருப்பவர்கள் வந்து நிற்பார்கள். இது தெரியாமல் தோற்றுவிட்டு மூடி வைத்தவர்கள் உண்டு.

புள்ளி போட்டுத் திறன்களைத் திறக்கும் பலகையில் புள்ளிகளை எல்லா மூலையிலும் தூவாதீர்கள். எரிக்குக்குக் கத்தியும் 'கைல்' பகுதியும் போதும். முதலில் எதிரியைத் தூங்க வை, அப்புறம் 'டிவைட்' போட்டு எரிக்கை மூன்று எரிக்காக்கு, அப்புறம் 'விக்டிமைசர்'. தூங்குகிற அல்லது விஷம் ஏறிய எதிரிமேல் அது பல மடங்கு இறங்கும். இந்த மூன்றடி வரிசையில் ஆட்டத்தின் பாதி பாஸ்களைப் பார்த்துவிடலாம். தப்பாகப் போட்டுவிட்டாலும் கவலை இல்லை, கொஞ்சம் தங்கம் கொடுத்தால் சர்ச்சில் புள்ளிகளைத் திரும்பத் தருவார்கள்.

பட்டறை வேலையை ஒதுக்கிவிடாதீர்கள். சின்ன உலையைத் தூக்கிக்கொண்டே போகலாம், எஸ் பதிப்பில் எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். சூடு ஆறுவதற்குள் எந்த அடியை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதுதான் விளையாட்டு. கடையில் ஆயிரக்கணக்கில் கேட்கும் வாளைவிட நீங்களே அடித்த வாள் மேலாக வரும். ஒவ்வொரு பொருளையும் அடிக்கும்போது கிடைக்கும் முத்துகளை '+3' வரும்வரை அதே பொருளைத் திருப்பி அடிப்பதற்குச் செலவழியுங்கள், சேர்த்து வைத்து ஒரு லாபமும் இல்லை.

லெவல் குறைவாகத் தோன்றினால் நாள் முழுக்கச் சுற்றாதீர்கள், மெட்டல் ஸ்லைம் என்ற குட்டி மிருகத்தைத் தேடுங்கள். அடித்தால் ஒன்றோ சைபரோதான் இறங்கும், கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், ஆனால் பிடித்துவிட்டால் அனுபவப் புள்ளி கொட்டும். பிறகு சேரும் ஜேடு என்ற கூட்டாளிக்கு ஈட்டி கொடுத்து 'தண்டர் த்ரஸ்ட்' கற்றுக்கொடுங்கள், பட்டால் 'கிரிட்டிகல்' என்கிற பெரிய அடி, படாவிட்டால் காற்றில் குத்து.

ஒரு எச்சரிக்கை. நான் மேசைக் கணினியில் ஆடியபோது ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் மெட்டல் ஸ்லைம் பிடித்துக்கொண்டே இருந்தேன், வெளியே இடி, கரண்ட் போனது, அவ்வளவுதான். தானாகச் சேவ் ஆகும் வசதி இருக்கிறது, ஆனால் அது இடம் மாறும்போதுதான் கை கொடுக்கும். மழைக்காலத்தில் நம் ஊரில் யுபிஎஸ் இல்லாமல் ஆடுபவர்கள் அடிக்கடி ஆட்டத்துக்குள் இருக்கும் சர்ச்சுக்குப் போய் சேவ் பண்ணுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாயகன் ஊமை. ஊர் எரிந்தாலும் அதே முகம்தான், சில காட்சிகளில் எரிச்சலே வரும். கோயிச்சி சுகியாமா 1986-இல் வந்த முதல் ஆட்டத்திலிருந்து இசையமைத்தவர், தலைப்பு இசை இப்போதும் நிமிர்ந்து உட்கார வைக்கும், ஆனால் சண்டைக்கு அதே மெட்டை ஐம்பது அறுபது மணி நேரம் கேட்க வேண்டியிருக்கிறது. செட்டிங்ஸில் எட்டாம் பாகத்து இசைக்கு மாற்ற வழி உண்டு, காதுக்கு ஓய்வு. அகிரா தோரியாமா வரைந்த மிருகங்கள் அழகு, ஆனால் பின்பாதியில் அதே மிருகத்துக்கு வேறு நிறம் பூசி அனுப்புவார்கள். அப்புறம் அந்தப் பழைய 'பஃப் பஃப்' என்ற கொஞ்சம் ஆபாசமான நகைச்சுவை. ஹாலில் டிவியில் ஆடிக்கொண்டிருக்கும்போது அம்மா டீயோடு வந்தால் ரிமோட் தேட வேண்டியிருக்கும்.

நமக்கு மட்டுமான இன்னொரு சிக்கல், ஆங்கிலம். ஹாட்டோவில் எல்லாரும் ஹைக்கூ கவிதை வடிவில் பேசுவார்கள், கோண்டோலியாவில் இத்தாலிய வாடை. விளவங்கோடு பேச்சைச் சென்னைக்காரன் கேட்பது மாதிரி முதலில் ஒன்றும் பிடிபடாது. புரியாவிட்டாலும் விட்டுவிடுங்கள், எங்கே போக வேண்டும் என்பதை வரைபடத்தில் குறி வைத்துக் காட்டும். குரலை ஜப்பானியத்துக்கு மாற்றினால் எழுத்து ஆங்கிலமே ஆனாலும் உச்சரிப்புக் கூத்து குறையும்.

இவ்வளவு குறையும் சொல்லிவிட்டு ஏன் ஆடச் சொல்கிறேன் என்றால், லோனலுலு என்ற ஊர். தீவு, வலை, படகு, மீன்பிடிக்கிற ஜனம். அந்த ஊர் மீனவன் ஒருவனுக்காக ஒரு கடற்கன்னி காத்திருக்கிறாள், அவன் வருவானா என்று தெரிந்துகொண்டு அவளிடம் திரும்பிப் போக வேண்டும், உண்மையைச் சொல்வதா பொய் சொல்வதா என்று ஆட்டம் உங்களைக் கேட்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து போன பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கரையில் மனிதர்கள் கடலைப் பார்த்து நின்றதைப் பார்த்தவன் நான். அந்தப் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எதைத் தேர்ந்தேன் என்று சொல்ல மாட்டேன், நீங்களே போய்ப் பாருங்கள்.

கடைசியாக, பெரிய வில்லன் விழுந்து பெயர்கள் எல்லாம் ஓடும். அதோடு முடிந்தது என்று 40 ஜிபியை அழித்துவிடாதீர்கள், அந்தச் சேவைத் திறந்தால் மூன்றாம் பகுதி அங்கேதான் தொடங்குகிறது. தம்பி நேற்று பெயர்கள் ஓடுவதைப் போட்டோ எடுத்து அனுப்பி, "முடிச்சாச்சு, அழிக்கட்டா?" என்று கேட்டிருந்தான். நல்லவேளை, உடனே பார்த்தேன்.