லண்டன் வரிசை வீட்டு லாஃப்டில் இரும்பு பீம், குட்டைச் சுவர்: தொடக்கக்காரர்களுக்குப் படிப்படியாக

நம்மூரில் லாஃப்ட் என்றால் சாமான் போடும் பரண். லண்டனில் ஓட்டுக் கூரைக்கு அடியில் இருக்கும் முழு இடமும் லாஃப்ட்தான். ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் நம் ஆட்கள் பலரும் அதை அறையாக மாற்றுகிறார்கள். தரை, பிளாஸ்டர்போர்டு, பெயிண்ட் எல்லாம் பொறுமை இருந்தால் கற்றுக்கொள்ளலாம். சுவர் வேலை வேறு. அங்கே வேலையின் வரிசை மாறினால் கூரை இறங்கும். இந்தப் பதிவு அந்த வேலைக்கு மட்டும்: பொதுச் சுவரில் (பக்கத்து வீட்டோடு பங்கிடும் சுவர்) குழி வெட்டி பீம் ஏற்றுவது, அதன் மேல் கைமரங்களைத் தாங்க மரத்தில் குட்டைச் சுவர் எழுப்புவது, பிறகு அதுவரை அவற்றைத் தாங்கிய பழைய குறுக்குக் கட்டையை, அதாவது பர்லினை, எடுப்பது.

முதலில் கூரையைப் பாருங்கள்

டார்ச்சோடு மேலே ஏறுங்கள். தடித்த கைமரங்கள், அவற்றுக்கு நடுவே குறுக்காக ஓடும் பெரிய கட்டை (அதுதான் பர்லின்), அதைக் கீழிருந்து தாங்கும் சாய்வுக் கால்கள் தெரிந்தால் இந்த முறை பொருந்தும். மெல்லிய கட்டைகள் 'டபிள்யூ' வடிவில் இருந்து, மூட்டுகளில் பல் பதித்த தகரத் தகடுகள் இருந்தால் அது டிரஸ் கூரை. 1960களுக்குப் பிறகு வந்த வீடுகளில் இதுவே அதிகம். அதில் ஒரு கட்டையைக்கூட அறுக்காதீர்கள். அதற்கான வடிவமைப்பே வேறு.

காகித வேலை

கட்டமைப்பு இன்ஜினியரின் கணக்கு இல்லாமல் பீம் வாங்க வேண்டாம். கீழே வரும் அளவுகள் சுமார் 4.8 மீட்டர் அகல வீட்டுக்கான மாதிரி. உங்கள் வீட்டுக்கு அவர் கொடுக்கும் அளவுதான் அளவு. பில்டிங் கண்ட்ரோலுக்கு (கட்டட விதிப்படி வேலை நடக்கிறதா என்று பார்ப்பவர்கள்) விண்ணப்பித்துவிடுங்கள். பீம் உட்கார்ந்த இடத்தை மூடுவதற்கு முன் அவர்களின் இன்ஸ்பெக்டர் பார்த்தாக வேண்டும்.

பக்கத்து வீட்டோடு பங்கிடும் சுவரில் பீம் நுழைக்க 1996ஆம் ஆண்டுப் பார்ட்டி வால் சட்டப்படி 2 மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 14 நாளில் அவர்கள் சம்மதக் கடிதம் தராவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு சர்வேயர் வைத்துத்தான் போக முடியும். ஆகவே நோட்டீஸை அஞ்சலில் போடுவதற்கு முன் நேரில் போய் வரைபடத்தைக் காட்டிப் பேசுங்கள். அவர்கள் பக்கத்துச் சுவரையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விரிசல் பற்றிப் பேச்சு வந்தால் இரு வீட்டுக்கும் அந்தப் படம் உதவும்.

மட்டம் குறிப்பது

இந்த வீடுகளில் கீழ்மாடிக் கூரையைத் தாங்கும் பழைய சட்டங்கள் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக ஓடும். பீம் அவற்றுக்கு மேலே, ஒரு பொதுச் சுவரிலிருந்து மறு பொதுச் சுவருக்குக் குறுக்காகப் போகும்; முன்பக்கக் கூரைச் சாய்வுக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. பழைய சட்டங்கள் ஒரே மட்டத்தில் இருக்காது. 20, 30 மிமீ ஏற்ற இறக்கம் சகஜம். லேசர் மட்டம் வைத்து ஒவ்வொரு சட்டத்தின் தலையையும் அளந்து, மிக உயர்ந்ததிலிருந்து 25 மிமீ மேலே பீமின் அடி வரும்படி நான்கு மூலையிலும் கோடு போடுங்கள். இந்த இடைவெளியைக் குறைத்தால், பாரம் ஏறி பீம் வளையும்போது பழைய சட்டத்தில் உட்கார்ந்து கீழே படுக்கையறைக் கூரையில் விரிசல் விழும்.

குழி வெட்டுவது

அவசரத்தில் அதிகம் கெட்டுப்போவது இந்த வேலைதான். 203×133×25 பீமுக்கும் (உயரம், அகலம் மிமீயில்; கடைசி எண் மீட்டருக்கு கிலோ) 440×215×100 மிமீ கான்கிரீட் பேட்ஸ்டோனுக்கும் (பீமின் பாரத்தைச் சுவரில் பரப்பும் கல்) குழி இப்படி அமையும்: கீழே மூன்று செங்கல் வரி உயரம், இரண்டு செங்கல் நீளம், கல்லுக்கு. அதற்கு மேல் மூன்று வரி உயரம், ஒரு செங்கல் நீளம், பீமுக்கு. ஒரு வரி சாந்தோடு 75 மிமீ. மூன்று வரி 225. கல் 215, அடிச் சாந்து 10. கணக்கு அப்படியே பொருந்துகிறது. கோடு வரிக்கு நடுவே விழுந்தால் பீமைக் கொஞ்சம் உயர்த்த முடியுமா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள். 40, 50 மிமீ இடைவெளியைச் சாந்தால் நிரப்பாதீர்கள், அது நசுங்கும்.

வெட்டும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருப்பது போல் சத்தம் வந்தால் அங்கே புகைபோக்கிக் குழாய் போகிறது. அங்கே பீம் உட்காரக் கூடாது. சுவர் 215 மிமீ இல்லாமல் அரைச் செங்கல் தடிமனாக இருந்தாலும் நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

ஆழம் 105 மிமீ, அதற்கு மேல் வேண்டாம். டிரில் பிட்டில் அந்த அளவில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து மெதுவானது. 10 மிமீ பிட்டால் சாந்து வரியில் நெருக்கமாகத் துளை போட்டு, சாந்தின் பிடியை விடுவித்து, செங்கலை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். உடைக்கும் இயந்திரம் வேண்டாம். அந்த அதிர்ச்சி மறுபக்கத்துச் செங்கலை அண்டை வீட்டு லாஃப்டில் தள்ளிவிடும்.

சுவர் முகத்தில் சில செங்கல்கள் நீளவாட்டில் தெரியும், சில குறுக்குமுனை மட்டும் காட்டும். குறுக்குமுனை காட்டும் செங்கல் சுவரின் முழுத் தடிமனுக்கும் ஊடுருவி நிற்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் அண்டை வீட்டு வெளிச்சம் தெரியும் ஓட்டை விழும். அதன் முகத்தில் 105 ஆழத்துக்கு நெருக்கமாகத் துளைகள் போட்டு, உளியால் சிறிது சிறிதாகக் கொத்தி, பின்பாதியைச் சுவரிலேயே விட்டுவிடுங்கள். ஒரு நாளில் ஒரு சுவரில் ஒரு குழி போதும். அதில் கல் உட்கார்ந்து சாந்து இறுகிய பிறகு அடுத்ததைத் திறக்கலாம்.

கல் வைப்பது

தூசியைத் தட்டி, செங்கலை நனையுங்கள். காய்ந்த செங்கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சி அதை மாவாக்கிவிடும். 1 பங்கு சிமெண்ட், 3 பங்கு கூர்மணல். 10 மிமீ படுக்கை போட்டு, கல்லை அழுத்தி, ரசமட்டத்தால் இரு பக்கமும் பாருங்கள். 3 டிகிரிக்குக் கீழே குளிர் போகும் நாளில் இந்த வேலை வேண்டாம். பீம் ஏற்றும் முன் இன்ஜினியர் சொன்ன நாள்கள் கழியட்டும். கூடவே ஒரு நாள் கொடுத்தாலும் நட்டமில்லை.

பீம் ஏற்றுவது

இந்த பீம் மீட்டருக்கு 25 கிலோ. இரண்டு முனையும் 100 மிமீ உள்ளே போக வேண்டுமானால் மொத்தம் 5 மீட்டர், 125 கிலோ. எடையை விடுங்கள், இரண்டு சுவருக்கு நடுவே முழு நீள பீமை உள்ளே திருப்பி நுழைக்கவே முடியாது. ஆகவே இரண்டு துண்டாக, இணைப்புத் தகடுகளோடு வாங்குங்கள். இணைப்பு எங்கே வரும், எத்தனை எம்20 (20 மிமீ தடிமன்) போல்ட் என்பது வரைபடத்தில் இருக்கும். ஒவ்வொரு துண்டையும் அதன் குழியில் நுழைத்து, மறு முனையை முட்டுக் கொடுத்து நிறுத்தி, எல்லா போல்ட்டையும் கையால் மாட்டிய பிறகே இறுக்கத் தொடங்குங்கள். முட்டின் கால் பழைய கூரைச் சட்டத்தில் நிற்கக் கூடாது. கீழ்மாடிச் சுவருக்கு நேர் மேலே பலகை போட்டு நிற்கட்டும்.

மட்டம் சரிசெய்ய இரும்புத் தகட்டுத் துண்டுகள் வையுங்கள். மரச் சீவல் ஒருபோதும் வேண்டாம், அது காய்ந்து சுருங்கும். மீதி இடைவெளிக்கு ட்ரை பேக். அதே 1:3 கலவை, தண்ணீர் மிகக் குறைவாக. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஈரம் கசியக் கூடாது. சிறிது சிறிதாகத் திணித்து, சுத்தியலும் மரக்கட்டையும் கொண்டு ஒவ்வொரு முறையும் இறுக இடியுங்கள். சரியாக இடித்தால் கட்டை துள்ளித் திரும்பும். குழைவான சாந்தை அப்பினால் காயும்போது சுருங்கி மேலே மயிரிழை அளவு இடைவெளி விடும். பீம் மேல் இருக்கும் செங்கல் அந்த இழை அளவுக்கு இறங்கும்.

இங்கே இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்கள்.

குட்டைச் சுவர்

பீமின் மேல் மரப் பலகையை வரைபடப்படி போல்ட் செய்து, அதன் மேல் 47×97 மிமீ, சி24 வலிமைத் தர மரக் கால்களை நிறுத்துங்கள். புத்தகத்தில் 400 மிமீ இடைவெளி என்று இருக்கும். பழைய கைமரங்கள் டேப்புக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஒவ்வொரு கைமரத்துக்கும் ஒரு கால், அது எங்கே இருக்கிறதோ அங்கே. தலையைக் கூரைச் சாய்வுக்கு வெட்டி, அளவைவிட 2 மிமீ நீளமாக விட்டு, தட்டி இறுக்கமாக ஏற்றுங்கள். கையால் ஆட்டி அசையும் கால் எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. பிறகு கைமரத்தோடு போல்ட், கால்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை, ஒரு முகத்தில் பிளைவுட்.

பர்லினை எடுப்பது

இரு பக்கக் குட்டைச் சுவரும் முடிந்து, முகட்டுக்கு இன்ஜினியர் சொன்ன தாங்கலும் ஏறிய பிறகுதான் இது. கைமரங்களின் அடியில் ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். சாய்வுக் கால்களை ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு முறையும் நூலைப் பாருங்கள். 2 மிமீக்கு மேல் இறங்கினால் நிறுத்தி, மறுபடி முட்டுக் கொடுத்து, குட்டைச் சுவரில் எந்தக் கால் தளர்வு என்று தேடுங்கள். பர்லினை அறுக்கும் முன் அறுக்கும் துண்டுக்கு இரு பக்கமும் தாங்கல் வையுங்கள். மீட்டர் மீட்டராக வெட்டினால் கையில் எடுத்து இறக்கலாம். படிக்கட்டுத் துளைக்காக கீழ்ச் சட்டங்களை இப்போதே அறுத்துவிடாதீர்கள். கைமரங்கள் சுவரை வெளியே தள்ளாமல் இழுத்துப் பிடிப்பவை அவைதான்.

பர்லின் முனை இருந்த ஓட்டை பொதுச் சுவரில் நான்கு இடத்தில் நிற்கும். அதைப் பிளாஸ்டர்போர்டால் மூடிவிட்டுப் போகிறார்கள் பலர். அண்டை வீட்டில் தீப்பிடித்தால் புகை வரும் வழி அது. செங்கலும் சாந்தும் வைத்து, சுவரின் முகத்தோடு சமமாக அடைத்துவிடுங்கள்.