முதல் டாட்டூவுக்கு உட்காரும் முன் கலைஞரைக் கவனியுங்கள்

முதல் முறை டாட்டூ போட வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "வலிக்குமா?" நான் ஊசி பிடிக்கிற ஆள். வலிக்கும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அதைவிட முக்கியம், எதிரில் உட்கார்ந்திருப்பவர் உங்களை எப்படி நடத்துகிறார் என்பது. ஊசி தோலில் படுவதற்கு முன்பே அவருடைய வேலையின் தரம் முக்கால்வாசி தெரிந்துவிடும், கவனிக்கத் தெரிந்தால்.

முதலில் அவர் உங்களிடம் கேள்வி கேட்க வேண்டும். வயதுக்கு அடையாள அட்டை, சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, தோல் ஒவ்வாமை, காயம் ஆறினால் தழும்பு தடித்துப் போகிற உடம்பா, கர்ப்பமா, ஊசியைப் பார்த்து மயங்கியதுண்டா. இதில் ஒன்றையும் கேட்காமல் நேராக டிசைனுக்குப் போகிறவர் அவசரக்காரர். நீங்களும் மறைக்காதீர்கள். டாட்டூவுக்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டு வரவும் வேண்டாம், அதை டாக்டரிடம் கேளுங்கள். தைரியத்துக்கு இரண்டு பெக் போட்டுவிட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். போதையில் ஒருவர் சொல்கிற "சரி"யை நம்பி, வாழ்நாள் முழுக்க நிற்கிற ஒன்றைத் தோலில் எழுத முடியாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து வந்தால் போதும்.

அடுத்து, அவர் எதற்காவது "வேண்டாம்" என்று சொல்கிறாரா பாருங்கள். நீங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவரிடம்தான் எனக்குப் பயம். கட்டைவிரல் அளவு இடத்தில் நான்கு வரி வாசகம் வேண்டும் என்பார்கள். இன்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மை தோலுக்குள் காலப்போக்கில் கொஞ்சம் பரவும், கோடுகள் தடிக்கும், சின்ன எழுத்தின் உள்வெளி அடைந்துபோகும். விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கை ஓரத்திலும் போட்டால் சீக்கிரம் வெளிறும். இதையெல்லாம் முன்னாலேயே சொல்லிவிட்டு, "கொஞ்சம் பெரிதாக்கலாம், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கலாம்" என்கிறவர் உங்கள் பணத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்று பொருள். காதலன், காதலி பெயர் வேண்டும் என்றால் நான் உபதேசம் செய்வதில்லை. அது என் வேலை இல்லை. எழுத்தின் அளவைப் பற்றி மட்டும் பேசுவேன்.

அவருடைய பழைய வேலைகளைக் கேட்கும்போது, ஆறிப்போன டாட்டூக்களின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். போட்டு முடித்த நிமிடத்தில் எடுத்த படத்தில் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். ஒரு வருடம் கழித்து அந்தக் கோடு எப்படி நிற்கிறது என்பதில்தான் கை தெரியும்.

தமிழ் எழுத்தில் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. டிசைன் மென்பொருளில் ஒட்டும்போது தமிழ் எழுத்து உடைவது சர்வசாதாரணம். 'கொ' என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளி தனியாக ஓடிப்போய் அடுத்த எழுத்தின் தலையில் உட்காரும். கலைஞருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவர் அதை அப்படியே குத்திவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் வாசகத்தை ஒரு தாளில் கையால் எழுதிக் கொண்டுபோங்கள். ஸ்டென்சிலை, அதாவது குத்துவதற்கு முன் தோலில் ஒட்டி எடுக்கிற மாதிரிப் படிவத்தை, அதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கூட வந்தவரையும் படிக்கச் சொல்லுங்கள். 'ண', 'ஞ' மாதிரி சுழி உள்ள எழுத்துகளுக்குச் சுழிக்குள் காற்றோட்டமாக இடம் விடச் சொல்வதும் உங்கள் பொறுப்புதான்.

சுத்தம் பற்றிக் கேட்கக் கூச்சப்படவே கூடாது. ஊசி, உங்கள் கண் முன்னால் பிரிக்கிற மூடிய பாக்கெட்டிலிருந்து வர வேண்டும். பாக்கெட்டில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். மையைப் பாட்டிலிலிருந்து நேராகத் தொட்டு எடுக்கக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற குட்டிக் கப்பில் ஊற்ற வேண்டும், மிச்சமானது பாட்டிலுக்குத் திரும்பக் கூடாது. மெஷின், வயர், ஸ்ப்ரே பாட்டில் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருக்க வேண்டும். திரும்பப் பயன்படுத்துகிற உலோகப் பிடி என்றால், அது ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமியைக் கொல்கிற கருவி) 121 டிகிரி செல்சியஸ் நீராவி அழுத்தத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்திருக்க வேண்டும். வெந்நீரில் கொதிக்க வைத்தேன், நீல விளக்குப் பெட்டியில் வைத்தேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. எளிதில் கண்டுபிடிக்க ஒரு வழி: வேலைக்கு நடுவில் அவருடைய போன் அடிக்கட்டும். கையுறையோடு போனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையோடு உங்கள் தோலைத் தொட்டால், எழுந்துவிடுங்கள். பாதி டாட்டூவோடு வெளியே வருவது அசிங்கமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, வேறொருவர் முடித்துத் தருவார்.

ஸ்டென்சில் ஒட்டும்போது அவசரப்படுத்தினால் விடாதீர்கள். முடியை மழித்து, தோலைத் துடைத்து, ஊதா நிறப் படிவத்தை அழுத்தி எடுப்பார்கள். உடனே படுக்க வைக்காமல் உங்களைக் கண்ணாடி முன் நிற்க வைக்க வேண்டும். படுத்திருக்கும்போது நேராக இருக்கிற கோடு, கையைத் தொங்கவிட்டதும் திரும்பிவிடும். முன்கையை உள்ளே வெளியே முறுக்கிப் பாருங்கள், எழுத்து எப்படிச் சுழல்கிறது என்று தெரியும். முதல் முறை வருகிறவர்கள் எழுத்து தங்களைப் பார்த்து இருக்க வேண்டும் என்பார்கள். அப்படிப் போட்டால் கையைத் தொங்கவிடும்போது எதிரில் இருப்பவருக்குத் தலைகீழாகத் தெரியும். அது தெரிந்தே கேட்டால் சரி, உங்கள் கை. இடம் பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை கேட்டாலும் முகம் சுளிக்காதவர் நல்ல ஆள். ஸ்டென்சில் தாள் ஒன்றும் தங்கம் இல்லை.

இனி வலி. டாட்டூ ஊசி, மருந்து ஏற்றுகிற ஊசி மாதிரி குழாய் இல்லை, ஆழமாகவும் இறங்காது. தோலின் மேலடுக்கைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் வேகமாக ஏறி இறங்கும். 1891-ல் சாமுவேல் ஓ'ரெய்லி நியூயார்க்கில் காப்புரிமை வாங்கிய மின்சார டாட்டூ இயந்திரம், எடிசனின் மின்சாரப் பேனாவை வைத்து உருவானது. காகிதத்தில் துளை போட்டு நகலெடுக்கச் செய்த பேனா அது. அந்த ஏறி இறங்குகிற அசைவு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. மேல் கையின் வெளிப்பக்கம் எரிச்சல் மாதிரி இருக்கும். விலா எலும்பு, பாதத்தின் மேல்பக்கம் எல்லாம் முதல் டாட்டூவுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மரத்துப்போகிற க்ரீம் தடவ ஆசைப்பட்டால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், வீட்டிலேயே தடவிக்கொண்டு வந்து நிற்காதீர்கள்.

என் வழக்கம், முதலில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு நிறுத்துவது. "இவ்வளவுதான், தொடரலாமா?" என்று கேட்பேன். தோள் இறங்கும், விட்ட மூச்சு காதில் கேட்கும். அப்புறம் பேச்சுக் கொடுப்பேன், கதை கேட்க அல்ல. பேசிக்கொண்டிருப்பவர் பாதி வாக்கியத்தில் நின்றுபோனாலோ, திடீரென்று கொட்டாவி விட்டாலோ, உதடு வெளுத்து மேலுதட்டில் வியர்வை பூத்தாலோ, மயக்கம் வரப்போகிறது. மெஷினை நிறுத்தி, படுக்க வைத்து, காலை உயர்த்தி வைத்து, தெளிந்ததும் இனிப்பாகக் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். கேலி செய்கிறவர் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை. நீங்களும் வீராப்பாக உட்கார்ந்திருக்க வேண்டாம், "ஒரு நிமிஷம்" என்றால் போதும்.

விலா, தொடை, மார்பு மாதிரி இடமாக இருந்தால் இன்னும் கூடுதல் கவனம். வேலைக்குத் தேவையான அளவு மட்டும் துணியை விலக்கச் சொல்ல வேண்டும், மறைப்புத் திரை இருக்க வேண்டும், தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். துணைக்கு ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ள விடாத இடம் வேண்டவே வேண்டாம். படம் எடுக்கவும் உங்களைக் கேட்க வேண்டும்.

முடிந்ததும் பராமரிப்பைப் பேச்சோடு விட்டுவிடாமல் எழுதித் தருகிறாரா பாருங்கள். அந்த நேரத்தில் சொல்வது எதுவும் உங்கள் தலையில் ஏறாது. மிதமான தண்ணீர், வாசனையில்லாத சோப்பு, மெல்லிய பூச்சாகக் களிம்பு. ஆறும் வரை நீச்சலும் வெயிலும் கூடாது, உரிகிற தோலைக் கிள்ளக் கூடாது. மேல்தோல் ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ என்னிடம் போட்டோ அனுப்பிக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆறிய பிறகு அங்கங்கே மை விட்டுப்போயிருந்தால் டச்-அப் கேளுங்கள். அதற்குத் தனியாகப் பணமா, எத்தனை மாதத்துக்குள் வர வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும் அன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.