ஒற்றைச் சொல் பாராட்டை விட்டு விமர்சனம் எழுதுவது எப்படி

இணையத்தில் கூடி எழுதுபவர்களின் குழுக்களில் ஒரு சிறுகதையோ கவிதையோ இடப்பட்ட சில நிமிடங்களுக்குள் ‘அருமை’, ‘சிறப்பு’, ‘தொடர்ந்து எழுதுங்கள்’ என்ற சொற்கள் வரிசையாக வந்து விழுகின்றன. அவற்றை இட்டவர்களில் எத்தனை பேர் கடைசி வரி வரை வாசித்தார்கள் என்பது படைத்தவருக்கும் தெரியாது, அடுத்து வாசிக்க வருபவருக்கும் தெரியாது. இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு என்று மொய் எழுதுவது போல நடக்கும் இந்தப் பரிமாற்றத்தில் ஒருவருக்கும் மனவருத்தம் இல்லை. எழுத்து மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதற்கு மாற்று மருந்து கடுமைதான் என்று எண்ணி, ‘இதெல்லாம் ஒரு கதையா’ என்று எழுதிவிட்டுத் தம்மை நேர்மையின் காவலராகக் கருதிக்கொள்பவர்களும் அதே குழுக்களில் இருக்கிறார்கள். இந்த இருவருக்கும் உறவு மிக நெருக்கம்: இருவருடைய கருத்தையும் படைப்பை வாசிக்காமலே எழுதிவிட முடியும்.

ஆகவே ஒரு கருத்தை எழுதி முடித்ததும், அனுப்புவதற்கு முன், அதை மனத்துக்குள் வேறொரு படைப்பின் கீழ் ஒட்டிப் பாருங்கள். ஒரு சொல்லும் மாற்றாமல் அங்கேயும் அது பொருந்துமானால், அது வெற்றுக் கருத்து. அது புகழ்கிறதா இகழ்கிறதா என்பது இரண்டாம் கேள்வி. ‘நடை அழகாக இருக்கிறது’ எங்கும் பொருந்தும். ‘பாட்டி கதவைச் சாத்தும் இடத்தில் வாக்கியம் திடீரென்று மூன்று சொற்களாகச் சுருங்கியது பிடித்திருந்தது’ என்பது அந்தக் கதைக்கு மட்டுமே பொருந்தும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. நான் எழுதிய கருத்துகளில் பல இதில் தேறவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வெற்றுப் புகழ்ச்சி தீங்கற்றது, ஊக்கம் தருவது என்று பலர் வாதிடுவதுண்டு. 1996இல் அவ்ராகம் க்ளூகர், ஏஞ்சலோ டிநிசி என்ற இரு ஆய்வாளர்கள், ஒருவருடைய வேலையைப் பற்றி அவரிடம் சொல்லப்படும் கருத்து அவருடைய செயல்திறனை என்ன செய்கிறது என்பது குறித்து அதுவரை நடந்திருந்த ஆய்வுகளைத் திரட்டி, 600க்கும் மேற்பட்ட முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் கருத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கருத்து, கேட்பவரின் கவனத்தை வேலையிலிருந்து விலக்கித் தம்மைப் பற்றிய எண்ணத்தின் பக்கம் எவ்வளவுக்குத் திருப்புகிறதோ அவ்வளவுக்கு அதன் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இரண்டு ஆண்டுகள் கழித்து க்ளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகளில், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களோடு ஒப்பிட, ‘நீ அறிவாளி’ என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் அடுத்து ஒரு தோல்வியைச் சந்தித்ததும் விரைவில் சோர்ந்தார்கள். கதை எழுதுபவரிடம் ‘நீங்கள் பிறவி எழுத்தாளர்’ என்று சொல்வதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிறவியிலேயே வந்துவிட்ட ஒன்றை இரண்டாம் முறை திருத்தி எழுத யாருக்குத் தோன்றும்?

கருத்து ஆளை விட்டு வாக்கியத்தின் மீது நிற்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி. அதற்கு முதல் தேவை வாசிப்பு முறை. முதல் முறை திருத்தும் எண்ணமே இல்லாமல், வாங்கி வந்த இதழை வாசிப்பது போல ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். எங்கே கண் நின்றது, எங்கே இரண்டு வரிகளைத் தாண்டிக் குதித்தது, எங்கே ‘இவன் யார், முன்பே வந்தவனா’ என்று மேலே போய்த் தேடினீர்கள் என்பதை மட்டும் ஓரத்தில் ஒரு கோடாகக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடுகள்தான் உங்களிடம் இருக்கும் ஒரே விலைமதிப்புள்ள பொருள், ஏனென்றால் தம் கதையை முதல் முறை வாசிக்கும் வாய்ப்பு எழுதியவருக்கு ஒருபோதும் கிடைக்காது. இரண்டாம் முறை வாசிக்கும்போது அந்தக் கோடுகளுக்கான காரணத்தைத் தேடுங்கள். காரணம் பெரும்பாலும் கோடு விழுந்த இடத்தில் இருப்பதில்லை. நான்காம் பத்தியில் சலிப்புத் தட்டினால், இரண்டாம் பத்தியிலேயே முடிவு தெரிந்துவிட்டதா என்று பாருங்கள்.

ஒரு சிறு எடுத்துக்காட்டை வைத்துப் பேசுவோம். குழுவில் ஒருவர் இப்படித் தொடங்கும் கதையை இட்டிருப்பதாகக் கொள்வோம்:

‘வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவன் மிகவும் சோகமாக இருந்தான். அவள் போனதிலிருந்து அவன் மனம் சுக்குநூறாக உடைந்து கிடந்தது. மேசை மீது இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்றை மட்டும் கழுவி வைத்தான்.’

‘மனதைத் தொட்டது’ என்று எழுதிவிட்டுப் போகலாம். ‘தேய்ந்த உவமை, பழைய மழை, வேறு வேலை பாருங்கள்’ என்றும் எழுதலாம். இரண்டிலும் எழுதியவர் தெரிந்துகொள்வது ஒன்றுமில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். கழுவாமல் விட்ட கோப்பை யாருடையது என்று கேட்டுக்கொண்டேன். அவள் குடித்த கோப்பையை அப்படியே வைத்திருக்கிறான் என்று புரிந்தபோது அவன் நிலை முழுவதும் தெரிந்தது. ஆனால் அதற்கு முன்பே இரண்டு வாக்கியங்கள் அவன் சோகத்தை என்னிடம் சொல்லிவிட்டதால், நானாகக் கண்டுபிடிக்க வேண்டியது பாதி குறைந்துவிட்டது. அவற்றை எடுத்துவிட்டு மழையிலிருந்து நேராகக் கோப்பைக்கு வந்தால் என்ன ஆகிறது என்று பார்க்கலாமா?’ இந்தக் கருத்தில் பாராட்டும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தைப் பற்றியவை என்பதால் ஒன்று மற்றொன்றுக்கு இனிப்புப் பூச்சாக ஒட்டவைக்கப்பட்டதாகத் தெரிவதில்லை. முதலில் ஒரு புகழ்ச்சி, நடுவில் குறை, முடிவில் இன்னொரு புகழ்ச்சி என்று அடுக்கும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த அடுக்குக்குப் பழகியவர் முதல் வரியைப் படித்ததுமே ‘ஆனால்’ எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவார்.

வாசிக்கும்போது நிகழ்ந்ததை முதலில் சொல்லி, அதற்கான காரணத்தைப் பிரதியில், அதாவது எழுதப்பட்ட வரிகளில், காட்டி, தீர்வைக் கேள்வியாக விட்டது இந்தக் கருத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. வாசகருக்கு நேர்ந்ததை யாரும் மறுக்க முடியாது. நீங்கள் குழம்பினீர்கள் என்றால் குழம்பினீர்கள். காரணத்தைப் பற்றி வாதிடலாம். தீர்வு பெரும்பாலும் எழுதியவருக்கே உரியது, நம் தீர்வு நம் கதையை நோக்கி இழுக்கும் ஆபத்து எப்போதும் உண்டு.

குறையைச் சுட்டத் தமிழில் சொல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வரிசைப்படுத்துகிறது: குன்றக் கூறல் (வேண்டியதைவிடக் குறைவாகச் சொல்வது), மிகைபடக் கூறல் (வேண்டியதைவிட மிகுதியாகச் சொல்வது), கூறியது கூறல், மாறுகொளக் கூறல் (முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது), வழூஉச்சொல் புணர்த்தல் (பிழையான சொற்களைச் சேர்ப்பது), மயங்க வைத்தல் (பொருள் இதுவா அதுவா என்று குழப்புவது), வெற்றெனத் தொடுத்தல் (பொருளில்லாத சொற்களை அடுக்குவது), மற்றொன்று விரித்தல் (எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது), சென்று தேய்ந்து இறுதல் (போகப்போக வலுவிழந்து முடிவது), நின்று பயன் இன்மை (சொற்கள் இருந்தும் பயன் இல்லாமை). இவற்றில் ஒன்றுகூட எழுதியவரின் திறமையைப் பற்றியோ தகுதியைப் பற்றியோ பேசவில்லை. பத்தும் பிரதியில் விரல் வைத்துக் காட்டக்கூடியவை. மேலே உள்ள கோப்பைக் கதையில் இருப்பது மிகைபடக் கூறல், ஓரளவு கூறியது கூறல். வலுவாகத் தொடங்கி மூன்றாம் பகுதியில் மூச்சு வாங்கும் தொடர்கதைக்குச் சென்று தேய்ந்து இறுதல் என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதக் கை போகும்போதெல்லாம் இந்தப் பத்தில் எது என்று கேட்டுக்கொண்டால், பாதி நேரம் விடை கிடைத்துவிடும். கிடைக்காத மற்ற பாதியில் குறை உங்கள் ரசனையில் இருக்கவும் கூடும். ஓர் எச்சரிக்கை: அந்தப் பட்டியல் நூல்களுக்கு வகுக்கப்பட்டது. கவிதையில் கூறியது கூறல் வேண்டுமென்றே செய்யப்பட்ட உத்தியாக இருக்கலாம், கதையில் குன்றக் கூறலே கதையின் உயிராகவும் இருக்கலாம்.

அதே நன்னூல் பத்து அழகுகளையும் சொல்கிறது என்பது அடிக்கடி மறந்துபோகிறது. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், ஓசை உடைமை, ஆழம் உடைத்தாதல், முறையின் வைப்பு முதலியவை அதில் உண்டு. பாராட்டுக்கும் துல்லியம் வேண்டும், குறைக்கு வேண்டிய அளவு, சில வேளைகளில் அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். ஏனெனில் நன்றாக வந்த இடம் எது என்று தெரியாத எழுத்தாளர் திருத்தும்போது அதையே வெட்டி எறிந்துவிடுவார். கோப்பை வரியை யாரும் குறிப்பிடாமல் விட்டிருந்தால், அடுத்த வடிவத்தில் அது காணாமல்போய், சுக்குநூறான மனம் மட்டும் எஞ்சியிருக்கலாம்.

கேள்வி கேட்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய, இன்று எழுத்துப் பட்டறைகளிலும் பயன்படும் ஒரு முறை நான்கு படிகளில் நடக்கிறது: படைப்பில் தமக்கு முக்கியமாகப் பட்டதைப் பார்த்தவர்கள் சொல்வது, படைத்தவர் தம் ஐயங்களைக் கேட்பது, பார்த்தவர்கள் சார்பற்ற கேள்விகளைக் கேட்பது, இறுதியாகப் படைத்தவரின் அனுமதியோடு கருத்துச் சொல்வது. மூன்றாவது படிதான் கடினம். ‘பயணக் காட்சி ஏன் இவ்வளவு நீளம்?’ என்பது கேள்விக்குறி அணிந்த தீர்ப்பு. ‘பயணக் காட்சியில் வாசகர் எதை உணர வேண்டும் என்று நினைத்தீர்கள்?’ என்று கேட்டால், எழுதியவர் விடை சொல்லத் தொடங்கும்போதே நீளம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பதைத் தாமே கண்டுகொள்வதுண்டு. எழுத்தில் உரையாடும்போது குரலின் தொனி போய்விடுவதால், முகம் பார்த்துக் கேட்பதைவிட இணையத்தில் இந்த வேறுபாட்டுக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

படைப்பை இடுபவருக்கும் பொறுப்பு உண்டு. ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்று கேட்பவருக்கு ‘அருமை’தான் கிடைக்கும், கேட்டதே அவ்வளவுதான். ‘இது இரண்டாம் வடிவம். அண்ணன் பொய் சொல்கிறான் என்பது உங்களுக்கு எந்த இடத்தில் தெரிந்தது? எழுத்துப்பிழைகளை இப்போது பார்க்க வேண்டாம்’ என்று எழுதினால், வாசிப்பவருக்கு வேலையும் அனுமதியும் ஒருங்கே கிடைக்கின்றன. எழுதியதை வெறுமனே பகிர்ந்து மகிழத்தான் விரும்புகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேர்மையான விமர்சனம் வேண்டும் என்று கேட்டுவிட்டு, வந்ததும் முகம் சுளிப்பதுதான் குழுவைப் பாழாக்குகிறது.

கருத்து வந்த பிறகு பேசாமல் இருப்பது ஒரு கலை. 1956இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மில்ஃபோர்டில் தொடங்கிய அறிபுனைவு (அறிவியல் புனைகதை) எழுத்தாளர் மாநாட்டிலிருந்து பரவிய முறையில், வட்டமாக அமர்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. எல்லாரும் முடித்த பின்பே அவர் பேசலாம். இணையத்தில் அந்த வட்டம் இல்லை, ஆகையால் அந்த மௌனத்தை நாமே விதித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் பதில் எழுதாமல் இருங்கள். ‘நான் சொல்ல வந்தது அதுவல்ல’ என்று விளக்கத் தோன்றும்போது, அந்த விளக்கம் கதைக்குள் எங்கே இல்லாமல்போனது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒவ்வொரு வாசகரின் பக்கத்திலும் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க உங்களால் முடியாது. பிறகு கருத்துகளை ஒப்பிடுங்கள். ஒருவர் மட்டும் தடுக்கிய இடத்தை விட்டுவிடலாம். ஒருவரையொருவர் படிக்காமல் மூவர் ஒரே பத்தியில் தடுக்கியிருந்தால், அவர்கள் சொல்லும் மூன்று தீர்வுகளும் தவறாக இருந்தாலும் அந்தப் பத்தியில் ஏதோ இருக்கிறது. முந்தைய கருத்தைப் பார்த்துவிட்டு அதையே வழிமொழிபவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறர் கருத்துகளைப் படிப்பதற்கு முன் தம் கருத்தை எழுதிவிட வேண்டும் என்று குழுவில் ஒரு வழக்கம் இருந்தால் இந்தச் சிக்கலே எழாது.

முதன்முதலாக எழுதுபவரிடம் எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. பதினேழு தவறுகள் தெரிந்தாலும், அடுத்த வடிவத்தில் அவர் மாற்றக்கூடிய இரண்டை மட்டும் சொன்னால் போதும். இது பொய் சொல்வதாகாது. மருந்தின் அளவைப் பார்த்துக் கொடுப்பது. படைப்பில் உங்களுக்குச் சொல்ல உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்றால், ஒற்றைச் சொல்லை இடுவதைவிட எதுவும் இடாமல் போவதே மரியாதை.

திருத்திய வடிவம் வரும்போது திரும்பிப் போய் வாசிப்பவர்கள் மிகச் சிலர், ஆனால் விமர்சனம் எழுதக் கற்றுக்கொள்வது அங்கேதான் நடக்கிறது. உங்கள் பழைய கோடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய வடிவத்தை வாசியுங்கள். நீங்கள் எடுக்கச் சொன்ன வாக்கியம் போனபின் பத்தி தளர்ந்துவிட்டது என்று தெரிந்தால், ‘என் யோசனை தவறு, பழையபடியே இருக்கட்டும்’ என்று அதே இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி எழுதுங்கள்.