காது மந்தமானால் மூளையும் கவனம்

அம்மம்மா கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவியைச் சத்தமாக வைக்கிறார் என்றால் ‘வயசு போட்டுது’ என்று விட்டுவிடாதீர்கள். லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணைக்குழுவின் 2024 அறிக்கைப்படி, வாழ்நாள் முழுவதிலும் வரும் 14 காரணிகளைக் கவனித்தால் உலகில் ஏறக்குறைய 45 வீதமான மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு. அதில் பெரிய பங்குள்ளவற்றில் ஒன்று, நடுவயதிலேயே தொடங்கும் காது கேளாமை. கெட்ட கொலஸ்ட்ரோலுக்கும் (LDL) அதேயளவு பங்கு.

ஷெல் சத்தத்துக்குள் வாழ்ந்த வன்னிச் சனத்துக்கு இது முக்கியம். பிறஷர், சீனி கிளினிக்குக்குப் போகும்போதே காதையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலவேளை குரும்பி அடைத்திருக்கும், எடுத்தாலே கேட்கும். இல்லையென்றால் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு கேளுங்கள். காது கேட்காதவர் மெல்ல மெல்லக் கதைப்பதையே விட்டுவிடுவார், கோயில், கலியாணவீடு என்று போவதும் நின்றுவிடும். அந்தத் தனிமையும் 14இல் ஒன்றுதான். அவரோடு கதைக்கும்போது ரேடியோவை நிறுத்தி, முகத்துக்கு நேரே இருந்து, ஆறுதலாகக் கதையுங்கள்.

கண்புரைக்கு வைத்தியம் செய்வதையும் தள்ளிப்போட வேண்டாம், கவனிக்காத பார்வைக் குறைவும் அந்த 14இல் ஒன்று. இளம் பிள்ளைகளுக்கு, ஏ9 வீதியில் ஹெல்மெட் இல்லாமல் ஓடாதீர்கள், தலைக்காயமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை இடையில் விடுவதும் அப்படித்தான்.