பிள்ளைகள் விளையாட ஒழுங்கையை மறிக்கிறீர்களா? சாவி யாரிடம்?

போன ஞாயிறு பின்னேரம் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் திரும்பப் போனேன். வாயிலில் ஒரு ஆட்டோ குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் இருபது இருபத்தைந்து பிள்ளைகள், தாரில் வெண்கட்டியால் கீறிய கோடுகள், காவலுக்கு மூன்று தம்பிமார். "விளையாட்டுக்கு மறிச்சிருக்கிறம் அண்ணா, சுத்திப் போங்கோ" என்றார் ஒருவர். சந்தோசமாகத்தான் இருந்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஆட்டோச் சாவி யாரிட்ட?" என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் முழித்துக்கொண்டு நின்றேன். அதனால்தான் ஒழுங்கையை மறிக்கிறவர்கள் விடுகிற பிழைகளை எழுத வேண்டியிருக்கிறது. தண்ணீர் வைக்க மறப்பது, முழங்காலில் உரசினால் போட மருந்து இல்லாமல் நிற்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்களைவிட அந்த ஒழுங்கையின் அம்மாமாருக்கு நன்றாகத் தெரியும்.

வீதி யாருடையது என்று பாராமல் அனுமதிக் கடிதம் எழுதுவது

ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருக்கின்றன. சீ, டீ வகை வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. மிச்சமுள்ள சின்ன வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் உள்ளூராட்சி சபையினுடையவை. விளையாட்டுக்கு இந்தக் கடைசி வகை மட்டும் போதும். கண்டி வீதியிலும் நிலாவெளி வீதியிலும், பஸ் ஓடுகிற இடத்தில், ஆசை வைக்க வேண்டாம்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நகரத்துக்கு ஒரு சபை, அதைச் சுற்றியுள்ள இடங்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. தவறான சபையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு கிழமை பதில் பார்த்திருந்தவர்களை எனக்குத் தெரியும். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டால் எல்லை எதுவென்று தெரிந்துவிடும். சபையில் யாரோ "செய்யுங்கோ, பிரச்சினை இல்லை" என்று வாயால் சொன்னதை அனுமதி என்று எடுக்காதீர்கள். எழுத்தில் வாங்குங்கள், பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இன்னொரு பிரதி அன்றைக்கு மறிப்பில் நிற்பவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். செயலாளர் வீட்டு லாச்சிக்குள் கிடக்கிற அனுமதி யாருக்கும் உதவாது.

சாவி

எங்கள் ஒழுங்கை ஒருபக்க வாயில் உள்ளது. மறுமுனை மதிலில் போய் முடிகிறது. முதல் ஞாயிறு எதை வைத்து மறிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, முன்வீட்டுக்காரர் தன் டொல்பின் வானைக் கொண்டுவந்து குறுக்கே விட்டார். ஹான்ட் பிறேக் போட்டு, கியரிலும் விட்டு, கதவைப் பூட்டிவிட்டு, "இதைவிட என்ன பாதுகாப்பு வேணும்?" என்றார். எங்களுக்கும் சரி என்றுதான் பட்டது. எந்த மோட்டார் சைக்கிள்காரனும் அதைத் தாண்டி உள்ளே பறக்க முடியாது. நான் அந்த வானோடு சாய்ந்து நின்று படம்கூட எடுத்தேன்.

5 மணிபோல அவரை யாரோ கூப்பிட்டார்கள். நண்பரின் பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் கடைசி வீட்டுக் கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் அதையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டு கத்தினார்கள். பின் சீற்றில் அந்த வீட்டு அன்ரி மூச்சு இழுப்போடு முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தா. மகன் கண்ணாடியை இறக்கி, "வானை எடுங்கோ" என்றார்.

"சாவி அவரிட்ட. அவர் நிலாவெளிக்குப் போட்டார்."

"அப்ப ஃபோன் பண்ணுங்கோவன்!"

பண்ணினேன். மணி அடித்தது. எங்களுக்குக் கேட்கவும் செய்தது. வானின் டாஷ்போர்டில், பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால், அவருடைய ஃபோன் வெளிச்சம் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. திரையில் என் பெயர்.

ஐந்தாறு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம். கியரில் நின்ற வான் அசையவில்லை. வானின் பின்பக்கத்துக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் இடம். கடைசியில் அன்ரியை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, தலைக்கு மேலால் தூக்குகிற மாதிரித் தூக்கி, அந்த இடுக்கால் கொண்டுபோய் பெரிய வீதியில் ஆட்டோ பிடித்தோம். அன்ரி மூன்றாம் நாள் சுகமாகத் திரும்பி வந்துவிட்டா. மகன் ஒரு வருடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரில் நான் பிழை சொல்ல மாட்டேன்.

இன்றைக்கும் யாராவது ஆட்டோவையோ வானையோ குறுக்கே விட்டுவிட்டு "மறிச்சிட்டம்" என்று பெருமையாகச் சொன்னால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். மறிக்க எவராலும் முடியும். அந்த மறிப்பை ஒரு ஆள், ஒரு கையால், பத்து எண்ணுவதற்குள் திறக்க வேண்டும். அதற்கு இரண்டு பிளாஸ்டிக் கதிரையும் இழுத்தால் அவிழும் முடிச்சுப் போட்ட ஒரு கயிறும் போதும். கயிற்றில் வெள்ளையோ சிவப்போ துணித்துண்டுகளைக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சாயங்கால வெயில் கண்ணில் அடிக்க, சைக்கிளில் வருகிறவரின் கழுத்தில்தான் கயிறு தெரியவரும்.

நம் ஊரில் ஆட்கள் ஏன் இதில் இலகுவாகத் தவறுகிறார்கள் என்பதற்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும்போது யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கேற் வாசலில் நிறைகுடம் வைக்கிறோம், வாகனத்தை உள்ளே தள்ளுகிறோம், வீதி தானாக வெறுமையாகிறது. "சாமிக்கு மறிக்கிறம், பிள்ளைகளுக்கு மறிக்கேலாதா?" என்று கேட்பார்கள். மறிக்கலாம்தான். ஆனால் சாமி கடந்து போய்விடும், பின்னாலேயே வீதி திறந்துவிடும். நாங்கள் ஒன்றரை மணித்தியாலம் ஒரே இடத்தில் நிற்கிறோம். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஒருவருக்கு நெஞ்சு நோகும், ஒருவர் வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வந்து இறங்குவார், ஒருவருக்குக் காஸ் சிலிண்டர் முடியும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 2009இல் இரண்டு தாய்மார் தங்கள் தெருவை இப்படிப் பிள்ளைகளுக்காக மூடத் தொடங்கினார்கள். அங்கிருந்து பல ஊர்களுக்குப் பரவிய வழக்கம், ஊடறுத்துப் போகிற வாகனங்களை நிறுத்துவதும், அந்தத் தெரு வீட்டுக்காரரை நடை வேகத்தில் விடுவதும்தான். நாங்களும் இப்போது அதைத்தான் செய்கிறோம். வீட்டுக்காரர் வந்தால் மறிப்பில் நிற்பவர் நீளமாக ஒரு விசில் அடிப்பார், கயிறு விழும், பிள்ளைகள் மதிலோடு ஒட்டுவார்கள், அவர் காருக்கு முன்னால் வீட்டு வாசல்வரை நடந்து போவார். முன்னால் ஆள் நடந்தால் எந்த அவசரக்காரனாலும் வேகமாக ஓட்ட முடியாது. நடப்பவர் திரும்பி வரும்வரை வாயிலில் இன்னொரு பெரியவர் வேண்டும். ஓ.எல். படிக்கிற பையனை நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் அவன் துடுப்போடு நிற்பான்.

விளையாட்டு தொடங்க முன் வெறும் விசிலை அடித்துப் பழக்குங்கள். எங்கள் முதல் ஒத்திகைக்கு ஒரு நிமிடத்துக்குக் கிட்ட எடுத்தது. போளை விளையாடிய இரண்டு பேர் போளையைப் பொறுக்காமல் எழும்பமாட்டோம் என்று குந்திக்கொண்டிருந்தார்கள்.

வட்ஸ்அப்பில் போட்டுவிட்டுச் சொல்லியாச்சு என்று நினைப்பது

குழுவில் இல்லாதவர்கள்தான் சண்டைக்கு வருவார்கள். வீட்டுக்கு வீடு போங்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், டயலிசிஸ் போகிறவர்கள் எந்த வீட்டில் என்று அப்போதுதான் தெரியும். மேல்மாடி வாடகைக்காரரை விட்டுவிடாதீர்கள். பின்னேரம் வருகிற பாண் ஆட்டோக்காரருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் வாயிலிலேயே நின்று பாட்டைப் போட்டால் விளையாட்டு அதோடு குலையும், அது வேறு கதை.

அறிவிப்புப் பலகையை வாயிலில் வைப்பது

ஒரு சந்தி முன்னால் வையுங்கள். மணல் ஏற்றிய லொறி ஒழுங்கை வாயில்வரை வந்துவிட்டால் பின்னுக்கு எடுக்க யார் வழிகாட்டுவது?

நேரம்

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் 3 மணிக்குத் தாரில் கால் வைத்துப் பாருங்கள். 4.30க்கு முன் தொடங்க வேண்டாம். நம் பக்கம் வருடம் முழுக்க 6 மணியை ஒட்டியே பொழுது படும், ஆகவே 6 மணிக்குக் கயிற்றை அவிழ்த்துவிடலாம். ஐப்பசி தொடங்கித் தைவரை மழைக்காலம், திகதி போடவே வேண்டாம். ஒழுங்கைக்குள் டியூசன் இருந்தால் அது விடுகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது சைக்கிள் ஒன்றாக வந்து கயிற்றடியில் நிற்கும்.

கிரிக்கெட்டுக்கு முழு ஒழுங்கையையும் கொடுப்பது

பெரிய பையன்கள் ஸ்டம்பை நட்டுவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் ஃபீல்டர்தான். எங்கள் இரண்டாம் ஞாயிறு, வெண்கட்டியால் கட்டம் போட்டுக் கெந்த வந்த சின்னப் பெட்டைகள் நாலு பேர் ஒரு கேற் படியில் ஏறிக் கடைசிவரை அங்கேயே இருந்தார்கள். இப்போது கிரிக்கெட்டுக்கு மதில் பக்க முனையும் அரை மணித்தியாலமும், அதுவும் டெனிஸ் பந்தில். கிளித்தட்டுக்கு நடுப்பகுதி. மற்றதைப் பிள்ளைகளே பிரித்துக்கொள்வார்கள். சாக்கோட்டம் வைக்கிறேன், பெயர் பதிகிறேன் என்று பெரியவர்கள் இறங்கினால் அது சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டியாக மாறிவிடும்.

ஒலிபெருக்கி

வேண்டாம்.

மான்

ஊருக்குள் திரிகிற திருகோணமலை மான்களுக்கு உங்கள் அனுமதிக் கடிதம் தெரியாது. பொலித்தீன் பையையும் பழத்தோலையும் கீழே விடாதீர்கள், தின்ன வந்துவிடும்.

"அடுத்தமுறை பார்ப்பம்" என்று விடுவது

உப்புவெளித் தம்பிமாருக்கு வான் கதையைச் சொன்னேன். முடிக்கும்வரை கேட்டார்கள். ஒருவர், "அடுத்த ஞாயிறு கயிறு வாங்குவம் அண்ணா" என்றார். அன்ரிக்கு இழுப்பு வந்ததும் ஒரு முதல் ஞாயிற்றில்தான் என்றேன். நல்லவேளை ஆட்டோ நியூற்றலில் நின்றது, நாங்களே தள்ளி ஓரமாக்கினோம். கயிற்றுக்கு எங்கே போவது என்று யோசிக்கும்போது ஒரு பையன் ஓடிப்போய்த் தன் வீட்டுக் கிணற்றடியிலிருந்து உடுப்புக் கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்தான். துணித்துண்டு கட்டச் சொல்லி நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஒரு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் அவன் அப்பாவின் சாரமும் கிளிப்போடு அதில் தொங்கிக்கொண்டிருந்தன.